இறைவன் சாயலில் மனிதன்: ஒரு சொல்லின் வரலாறு



மனிதன் இறைவனுடைய சாயலில் படைக்கப்பட்டான் என்ற கருத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் அதைப் பலமுறை கேட்டிருப்பார்கள். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும், மனிதனுக்குள் இறைவன் உறைகிறான் என்ற எண்ணம் புதியதன்று. இன்று நான் சமயப் பிரசங்கம் செய்ய வரவில்லை. வரலாறு சொல்ல வந்திருக்கிறேன். 'இறைவனின் சாயல்' என்ற சொல் முதலில் யாருக்கு உரியதாக இருந்தது? பிறகு யாருடைய கைக்கு வந்தது? அதைச் சொல்லி யார் யார் எதற்காகப் போராடினார்கள்? இவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கூலிக்கு உழைத்த பரம்பரையில் வந்த நமக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. அது போகப் போகத் தெரியும்.

அரசனுக்கு மட்டும் உரிய பட்டம்

1922ஆம் ஆண்டில் ஹோவர்ட் கார்ட்டர் என்ற ஆங்கிலேயர் எகிப்து நாட்டில் ஓர் அரசனின் கல்லறையைக் கண்டுபிடித்தார். தங்க முகமூடி அணிவித்துப் புதைக்கப்பட்டிருந்த அந்த இளம் அரசன் ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். பெயர் துட்டங்காமுன். அந்தப் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா? 'அமுன் தெய்வத்தின் உயிருள்ள சாயல்' என்று பொருள். எகிப்தியர்களின் பெரிய தெய்வம் அமுன். அவனுடைய சாயல் அரசன். மண் சுமந்தவனும் கல் இழுத்தவனும் யாருடைய சாயலும் அல்லர்.

எகிப்துக்குக் கிழக்கே, இன்றைய ஈராக் நாட்டில் இருந்த அசீரியப் பேரரசிலும் இதே கதைதான். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட எசர்ஹத்தோன் என்ற மன்னனுக்கு அவனுடைய அறிஞர்கள் எழுதிய கடிதங்கள் களிமண் பலகைகளில் கிடைத்துள்ளன. அவற்றிலும் மன்னன் தெய்வத்தின் சாயல் என்று போற்றப்படுகிறான்.

சாயல் என்பதை அக்காலத்து மக்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள்? ஒரு பேரரசன் தான் வென்ற எல்லா ஊர்களுக்கும் போய் இருக்க முடியாது. ஆகவே தன் சிலையை அங்கங்கே நிறுத்துவான். சிலை நிற்கும் இடத்தில் அவன் ஆட்சி நடக்கிறது என்று பொருள். அந்தச் சிலையை அவமதித்தால் அரசனையே அவமதித்ததாகும். நம் நாட்டில் பள்ளிக்கூடங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் மாமன்னரின் படத்தை மரியாதையோடு மாட்டி வைக்கிறோம் அல்லவா? அதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

1979ஆம் ஆண்டில் சிரியா நாட்டில் டெல் பெக்கெரியே என்ற இடத்தில் ஓர் ஆளுயரக் கற்சிலை மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிற்றரசனின் சிலை அது. அதன் மேல் அசீரிய மொழியிலும் அரமேய மொழியிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அரமேய மொழி எழுத்தில் அந்தச் சிலையைக் குறிக்க இரண்டு சொற்கள் வருகின்றன. யூதர்களின் வேதநூலில், மனிதன் படைக்கப்பட்ட இடத்தில் வரும் இரண்டு எபிரேயச் சொற்களும் இவற்றுக்கு உடன்பிறப்புகளே. செலெம், தெமூத் என்பன அவை. பழைய தமிழ் விவிலியத்தில் அவற்றைச் 'சாயல்' என்றும் 'ரூபம்' என்றும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். அரசன் சிலைக்கு வழங்கிய சொற்கள் அந்த வேதநூலில் மனிதனுக்கே வழங்கப்பட்டிருக்கின்றன என்பதை அந்தக் கல் நமக்குக் காட்டிக் கொடுத்தது.

தெய்வங்கள் செய்த வேலைநிறுத்தம்

சாதாரண மனிதனைப் பற்றி அந்தக் காலத்துப் பாபிலோனியர்கள் என்ன சொன்னார்கள்? அட்ரகாசிஸ் என்ற அவர்களுடைய பழங்கதை ஒன்று களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. அந்தக் கதையைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பும் வரும், சினமும் வரும்.

ஆதியில் மனிதர்களே இல்லையாம். பெரிய தெய்வங்கள் உட்கார்ந்து உண்டன. சின்னத் தெய்வங்கள் வாய்க்கால் வெட்டின, மண் சுமந்தன. ஆண்டுக்கணக்கில் உழைத்துக் களைத்துப்போன சின்னத் தெய்வங்கள் ஒரு நாள் தங்கள் மண்வெட்டிகளையும் கூடைகளையும் தீயில் போட்டுக் கொளுத்திவிட்டு, பெரிய தெய்வத்தின் வாசலில் போய் நின்றுகொண்டன. உலகில் எழுதி வைக்கப்பட்ட வேலைநிறுத்தக் கதைகளில் மிகப் பழையது இதுவாகத்தான் இருக்கும்! பெரிய தெய்வங்கள் கூடிப் பேசின. ஒரு தெய்வத்தைக் கொன்று, அதன் இரத்தத்தைக் களிமண்ணில் பிசைந்து மனிதனை உண்டாக்கின. எதற்காக? சின்னத் தெய்வங்கள் செய்த வேலையை இனி மனிதன் செய்வதற்காக. சுமை தெய்வங்களின் தோளிலிருந்து இறங்கி மனிதனின் தோளில் ஏறியது.

மனிதன் என்றால் வேலைக்குச் செய்யப்பட்ட ஆள் என்பதே இந்தக் கதையின் பொருள். இப்படிப்பட்ட கதையால் யாருக்கு இலாபம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

யூத மக்கள் இந்தப் பாபிலோனியர்களிடம் தோற்றவர்கள். கி.மு. 586ஆம் ஆண்டு வாக்கில் எருசலேம் நகரம் அழிக்கப்பட்டது. மக்களில் பலர் பாபிலோனுக்குப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். ஆதியாகமம் என்ற நூலின் முதல் பகுதி இந்தச் சிறைவாசத்தையொட்டிய காலத்தில்தான் இன்றைய வடிவம் பெற்றது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். தோற்றுப்போய் அந்நிய மண்ணில் கிடந்த அந்த மக்கள் அந்நாட்டுக் கதையை ஏற்றுக்கொள்ளவில்லை. கடவுள் மனிதனைத் தம் சாயலில் படைத்தார், ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்று எழுதினார்கள். அரசன் என்ற பேச்சே அங்கே இல்லை. ஆண் மட்டும் என்றும் இல்லை. அரசனின் பட்டத்தை எடுத்து மனிதப் பிறவி அனைத்துக்கும் சூட்டிவிட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. அந்தக் கதையில் கடவுள் ஆறு நாள் வேலை செய்து ஏழாம் நாள் ஓய்வெடுக்கிறார். அந்த ஓய்வு மனிதனுக்கும் உண்டு என்று அவர்கள் சட்டம் சொன்னது. வீட்டுக்காரனுக்கு மட்டுமா? இல்லை. வேலைக்காரனுக்கும், வேலைக்காரிக்கும், அயலூரானுக்கும், மாட்டுக்கும் கழுதைக்கும்கூட ஓய்வு உண்டு. நீயும் ஒரு காலத்தில் எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை மறவாதே என்று காரணமும் காட்டப்பட்டது. இந்தச் சட்டத்தை அந்நாட்டவர் எப்போதும் கைக்கொண்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அடிமைகள் அங்கும் இருந்தார்கள். ஆனால் விதை விழுந்துவிட்டது.

நாணயமும் மனிதனும்

கி.பி. 200ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்ட நூலில் ஓர் அழகான விளக்கம் இருக்கிறது. கொலை வழக்கில் சாட்சி சொல்ல வருகிறவர்களை எச்சரிப்பதற்காகச் சொல்லப்பட்டது அது. உங்கள் சொல்லால் ஓர் உயிர் போகலாம், ஓர் உயிரை அழித்தவன் ஓர் உலகையே அழித்தவன் ஆவான் என்று நீதிபதிகள் சாட்சிகளுக்கு நினைவூட்ட வேண்டும். பிறகு ஒரு கேள்வி வருகிறது. கடவுள் ஏன் முதலில் ஒரே ஒரு மனிதனைப் படைத்தார்? என் பாட்டன் உன் பாட்டனைவிட உயர்ந்தவன் என்று பிற்காலத்தில் எவனும் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் என்று விடையும் வருகிறது. சாதிப் பேச்சு பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

இன்னும் ஒன்றும் சொல்கிறது அந்நூல். மனிதன் ஓர் அச்சில் பல நாணயங்களை அடித்தால் அத்தனையும் ஒன்றுபோல் இருக்கும். இறைவனோ எல்லா மனிதரையும் முதல் மனிதனின் அச்சில்தான் அடிக்கிறார். ஆனாலும் ஒருவரைப்போல் இன்னொருவர் இருப்பதில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தமக்காகவே இவ்வுலகம் படைக்கப்பட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

இயேசுநாதரும் நாணயத்தை வைத்தே ஒரு பதில் சொன்னார். ரோமானியருக்கு வரி கட்டலாமா என்று கேட்டவர்களிடம், காசில் இருப்பது யாருடைய உருவம் என்று திருப்பிக் கேட்டார். அரசனுடைய உருவம் என்றார்கள். அப்படியானால் அரசனுடையதை அரசனுக்குக் கொடுங்கள், கடவுளுடையதைக் கடவுளுக்குக் கொடுங்கள் என்றார் அவர். காசில் அரசன் உருவம் என்றால் கடவுளின் உருவம் எதில் இருக்கிறது? அதைக் கேட்டவர்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

என்ன விலை கொடுத்தாய்?

இந்த எண்ணத்தை அடிமை முறைக்கு எதிராக நேருக்கு நேர் திருப்பியவர் நிசா நகரத்து ஆயர் கிரெகோரி. இன்றைய துருக்கி நாட்டில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அந்தக் காலத்தில் அடிமை இல்லாத பணக்கார வீடே கிடையாது. மாடு வாங்குவதுபோல் சந்தையில் மனிதனை வாங்கினார்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் வாங்கினார்கள். அடிமைகளை நல்லபடியாக நடத்துங்கள் என்று புத்தி சொன்னவர்கள் உண்டு. அடிமை வைத்திருப்பதே குற்றம் என்று சொன்னவர்கள் மிக அரிது.

கிரெகோரி ஒரு பிரசங்கத்தில் அடிமை முதலாளிகளைப் பார்த்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார். நீ மனிதனை வாங்கினேன் என்கிறாயே, கடவுளின் சாயலுக்கு எத்தனை காசு கொடுத்தாய்? உலகம் முழுவதையும் விலையாகக் கொடுத்தாலும் அது ஈடாகுமா? விற்றவன் யார்? அவனுக்கு விற்கும் உரிமையைக் கொடுத்தது யார்? கடவுளே மனிதனைச் சுதந்திரமாக விட்டிருக்கும்போது, கடவுளைவிட நீ பெரியவனா? விற்பனைச் சீட்டு ஒன்றைக் கையில் வைத்திருக்கிறாய். அந்தச் சீட்டு உன்னையும் அவனையும் வெவ்வேறு பிறவியாக மாற்றிவிட்டதா? உனக்கும் பசி, அவனுக்கும் பசி. உனக்கும் நோய், அவனுக்கும் நோய். செத்த பிறகு இருவரும் ஒரே மண். இதுவே அவர் பேச்சின் சாரம்.

அந்தப் பேச்சால் அடிமைச் சந்தை மூடப்பட்டுவிடவில்லை. அதற்குப் பின்னும் 1,400 ஆண்டுகளுக்கு மேல் அது நடந்தது. ஆனால் 'என்ன விலை?' என்ற கேள்வி அழியவில்லை. அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

தீவில் எழுந்த கேள்வி

1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் அட்லாண்டிக் கடலைக் கடந்தார். கரிபியக் கடலில் உள்ள ஹிஸ்பானியோலா தீவில் ஸ்பானியர்கள் குடியேறினார்கள். இன்று ஹெய்ட்டி, டொமினிக்கன் குடியரசு என்ற இரண்டு நாடுகள் அத்தீவில் இருக்கின்றன. அங்கிருந்த பூர்வ குடிமக்களைக் குடியேறிகள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கு இத்தனை ஆட்கள் என்று கணக்கு. அந்த ஆட்கள் தங்கச் சுரங்கங்களில் செத்து விழுந்தார்கள்.

1511ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. சாண்டோ டொமிங்கோ நகரத்து ஓலைக் கோயிலில் ஆளுநரும் கனவான்களும் கூடியிருந்தார்கள். அந்தோனியோ டி மொன்டெசினோஸ் என்ற துறவி பேச எழுந்தார். இந்த மக்களை எந்த உரிமையில் இப்படி வதைக்கிறீர்கள், இவர்கள் மனிதர்கள் அல்லரா, இவர்களுக்குப் பகுத்தறியும் ஆன்மா இல்லையா என்று கேட்டார். பகுத்தறியும் ஆன்மாதான் மனிதனிடம் உள்ள இறைச்சாயல் என்பது அக்காலத்துச் சமயக் கல்வி. ஆகவே அந்தக் கேள்வியின் கனம் கோயிலில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. கனவான்கள் கொதித்துப்போய் மடத்துத் தலைவரிடம் ஓடினார்கள். அடுத்த ஞாயிறு சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும் என்று மிரட்டினார்கள். அடுத்த ஞாயிறு அந்தத் துறவி முன்னிலும் கடுமையாகப் பேசினார்.

அந்தத் தீவில் தனக்கும் ஆட்கள் வைத்திருந்தவர் பர்த்தலோமே டி லாஸ் காசாஸ் என்ற பாதிரியார். அவர் உடனே மனம் மாறவில்லை. 1514ஆம் ஆண்டில் கியூபா தீவில் ஒரு பிரசங்கத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய ஞான நூலின் பகுதி அவர் கண்ணில் பட்டது. ஏழையிடம் பறித்ததைக் காணிக்கையாகக் கொடுத்தால் கடவுள் ஏற்கமாட்டார், கூலிக்காரனின் கூலியைப் பிடித்து வைப்பவன் இரத்தம் சிந்துபவனுக்குச் சமம் என்பது அதன் கருத்து. அந்த வரிகள் அவரை விடவில்லை. தம்மிடம் இருந்த ஆட்களை விடுவித்தார். 1566ஆம் ஆண்டில் இறக்கும்வரை அம்மக்களுக்காக வாதாடினார்.

1537ஆம் ஆண்டில் போப்பாண்டவர் மூன்றாம் பால், அமெரிக்கப் பூர்வ குடிகள் உண்மையான மனிதர்களே, அவர்களுடைய சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கக்கூடாது என்று அறிவித்தார். எண்ணிப் பாருங்கள், நேயர்களே! மனிதன் மனிதன்தான் என்று சொல்வதற்கு ஓர் அறிவிப்பு வேண்டியிருந்தது.

1550, 1551ஆம் ஆண்டுகளில் ஸ்பெயின் நாட்டு வல்லாடோலிட் நகரில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. ஒரு பக்கம் செபுல்வேடா என்ற பண்டிதர். சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் சொன்னதை எடுத்துக்காட்டி, இந்த மக்கள் அப்படிப்பட்டவர்களே, இவர்களைப் போரிட்டு அடக்கலாம் என்றார். மறுபக்கம் லாஸ் காசாஸ். உலகத்து மக்கள் எல்லாரும் மனிதர்களே என்பது அவர் வாதம். தாம் எழுதிக் கொண்டுவந்ததை ஐந்து நாட்கள் படித்தார். நடுவர்கள் தெளிவான தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் செபுல்வேடாவின் நூலை அச்சிட அனுமதி கிடைக்கவில்லை.

வரலாற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதே லாஸ் காசாஸ், பூர்வ குடிகளைக் காப்பாற்றுவதற்காக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று தொடக்க காலத்தில் யோசனை சொன்னவர். பிறகு அது எவ்வளவு பெரிய அநீதி என்று உணர்ந்து வருந்தி எழுதி வைத்தார். ஒருவனிடம் இறைச்சாயலைக் கண்ட கண் பக்கத்தில் நின்ற இன்னொருவனிடம் அதைக் காணத் தவறியது.

நெஞ்சில் குத்திய முத்திரை

ஆப்பிரிக்க மக்கள் லட்சக்கணக்கில் பிடிக்கப்பட்டுக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் என்ற பெயரில் ஒரு கரும்புத் தோட்டம் இருந்தது. 1710ஆம் ஆண்டில் இறந்த அதன் உரிமையாளர், இங்கிலாந்துத் திருச்சபையின் ஊழியச் சங்கம் ஒன்றுக்கு அதை எழுதி வைத்தார். தோட்டத்தோடு அடிமைகளும் சங்கத்துக்கு வந்தார்கள். அந்த அடிமைகளின் மார்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் 'சொசைட்டி' என்று முத்திரை குத்தினார்கள். சங்கத்தின் சொத்து என்பதற்கு அடையாளம்! இறைவனின் முத்திரை மனிதன் மேல் இருக்கிறது என்று போதித்தவர்கள், தங்கள் முத்திரையை அவன் நெஞ்சில் சுட்டுப் பதித்தார்கள். 2006ஆம் ஆண்டில் அந்தத் திருச்சபையின் பேரவை, அடிமை முறையில் தனக்கிருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது.

1807ஆம் ஆண்டில் லண்டனில் அடிமைகளுக்கென்றே ஒரு பைபிள் அச்சிடப்பட்டது. அதில் எகிப்தில் அடிமைப்பட்டவர்கள் விடுதலை பெற்று வெளியேறிய கதை இல்லை. வெட்டி எடுத்துவிட்டார்கள். படித்தால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் கேள்வியை வெட்டி எடுக்க முடியவில்லை. 1787ஆம் ஆண்டில் பீங்கான் தொழில் செய்த ஜோசையா வெட்ஜ்வுட் என்பவர் ஒரு சிறிய பதக்கம் செய்தார். விலங்கிட்ட ஓர் ஆப்பிரிக்கர் முழந்தாளிட்டு, நானும் ஒரு மனிதன் அல்லவா, உன் சகோதரன் அல்லவா என்று கேட்பதுபோல் அதில் எழுதப்பட்டிருந்தது. பெண்கள் அதை அணிகளில் பதித்துக்கொண்டார்கள். 1789ஆம் ஆண்டில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலாவுடா எக்குவியானோ தம் வாழ்க்கைக் கதையைத் தாமே எழுதி வெளியிட்டார். அடிமைகளும் தீவுகளில் கிளர்ந்தெழுந்தார்கள். 1807ஆம் ஆண்டில் பிரிட்டன் அடிமை வாணிபத்தைத் தடைசெய்தது. 1833ஆம் ஆண்டில் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது.

இங்கேதான் கிரெகோரியின் கேள்வி மறுபடியும் வருகிறது. என்ன விலை? பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விலை போட்டுவிட்டது: 2 கோடி பவுன். ஏறத்தாழ 8 லட்சம் அடிமைகளுக்கு அது ஈடு. அன்றைய பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 விழுக்காடு. அந்தப் பணம் யாருக்குப் போயிற்று? முதுகு தேய உழைத்தவனுக்கு ஒரு காசும் இல்லை. அத்தனையும் முதலாளிகளுக்கே போயிற்று. அடிமைகளுக்குக் கிடைத்தது, 1838 வரை அதே முதலாளியிடம் 'பயிற்சியாளர்' என்ற பெயரில் வேலை செய்யும் கட்டாயம்.

நம்முடைய பங்கு

அடிமைகள் போய்விட்டால் கரும்பு வெட்டுவது யார்? தோட்டக்காரர்களின் கண் இந்தியாவின் பக்கம் திரும்பியது. 1834ஆம் ஆண்டிலேயே மொரிஷியஸ் தீவுக்கும், 1838ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கயானாவுக்கும் இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றினார்கள். 1840ஆம் ஆண்டில் பிரிட்டனின் குடியேற்ற நாட்டு அமைச்சராக இருந்த ஜான் ரசல் பிரபு, இது ஒரு புதிய அடிமை முறையாகிவிடுமோ என்று அஞ்சி எழுதினார். அவர் அச்சத்தைத் தோட்டக்காரர்கள் பொருட்படுத்தவில்லை. மலாயாவிலும் அன்று புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்று அழைக்கப்பட்ட செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். கைநாட்டு வைத்த ஒப்பந்தத்தை மீறினால் சிறை. பிறகு காப்பி, ரப்பர் என்று தோட்டங்கள் பெருகின.

'கூலி' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம். துரைமார்களின் ஏடுகளில் அது ஆளுக்கே பெயராயிற்று. பெயரை விட்டுவிட்டு விலையைச் சொல்லி மனிதனைக் கூப்பிட்டார்கள். கங்காணிக்கு, பெரட்டில் நின்ற ஆட்களை எண்ணித் தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார்கள். ஆகவே, சாயலுக்கு என்ன விலை என்ற கேள்வி நம் பாட்டன் பாட்டியின் தலைமீதும் கேட்கப்பட்ட கேள்விதான்.

அதை எதிர்த்துக் கேட்டவர்களும் இருந்தார்கள். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் நின்றது. கோகலே போன்ற தலைவர்கள் இந்தியச் சட்டமன்றத்தில் இம்முறையைக் கண்டித்தார்கள். டெல்லியில் ஆசிரியராக இருந்த ஆங்கிலேயப் பாதிரியார் சி. எப். ஆண்ட்ரூஸ், தம் நண்பர் பியர்சனோடு 1915ஆம் ஆண்டில் பிஜித் தீவுகளுக்கே போனார். தொழிலாளர் வாழ்ந்த நிலையைக் கண்ணால் பார்த்து அறிக்கை எழுதினார். ஏழைகளின் நண்பர் என்ற பொருளில் 'தீனபந்து' என்று அவரை மக்கள் அழைத்தார்கள். ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1917ஆம் ஆண்டில் நிறுத்தியது.

சாயலை எழுதாமல் எழுதிய சாசனம்

இரண்டாம் உலகப்போர் முடிந்த பின் 1948ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு மன்றம் மனித உரிமைப் பிரகடனத்தை உருவாக்கியது. முதல் பிரிவைப் பற்றி விவாதம் நடந்தபோது, மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள் என்ற சொற்களைச் சேர்க்க வேண்டும் என்று பிரேசில் நாட்டுப் பிரதிநிதி கேட்டார். சீனப் பிரதிநிதி பி. சி. சாங் அதை ஏற்கவில்லை. உலகத்தில் பல மரபுகளைச் சேர்ந்த மக்கள் வாழ்கிறார்கள், எல்லாருக்கும் பொதுவான சாசனத்தில் ஒரு சமயத்தின் கோட்பாட்டை வைக்க வேண்டாம் என்பது அவர் கருத்து. பிரேசில் தன் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்தியாவிலிருந்து சென்ற ஹன்சா மேத்தா என்ற அம்மையார், 'ஆண்கள்' என்றும் பொருள்படக்கூடிய ஆங்கிலச் சொல்லை மாற்றி 'மனிதப் பிறவிகள் அனைவரும்' என்று எழுதும்படி செய்தார். டிசம்பர் 10ஆம் நாள் பிரகடனம் நிறைவேறியது. பெயர் சொல்லாவிட்டாலும், பிறவியினாலேயே மனிதனுக்கு மதிப்பு உண்டு என்ற கருத்து அதில் நிலைத்துவிட்டது. பல சமயத்தார் கூடி வாழும் நம் நாட்டில் இதன் அருமை நன்றாக விளங்கும்.

எழுதி வைத்தால் போதுமா? 1968ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் மழைக்கு ஒதுங்கிய இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லோரியின் நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி இறந்தார்கள். பழுதான இயந்திரம் பற்றி முன்பே முறையிட்டும் பயனில்லை. ஏறத்தாழ 1,300 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தித் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் ஏந்திய அட்டையில் சம்பளக் கணக்கு எழுதப்படவில்லை. நான் ஒரு மனிதன் என்று மட்டும் எழுதியிருந்தது. 1787ஆம் ஆண்டுப் பதக்கத்தில் முழந்தாளிட்டுக் கேட்ட கேள்வியை அவர்கள் நிமிர்ந்து நின்று விடையாகச் சொன்னார்கள். அவர்களுக்குத் துணை நிற்கப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். இறைவனின் சாயலில் கூடுதல் குறைவு என்ற படிகள் இல்லை என்று அவர் 1965ஆம் ஆண்டிலேயே பிரசங்கம் செய்திருந்தார். அவர் இறந்த 12ஆம் நாள் தொழிலாளர் சங்கம் அங்கீகரிக்கப்பட்டு, சம்பள உயர்வோடு வேலைநிறுத்தம் முடிந்தது.

நேயர்களே, அரசன் ஒருவனுக்கு மட்டும் சூட்டிய பட்டம் தெருக்கூட்டும் தொழிலாளியின் கைக்கு வந்து சேர மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொரு காலத்திலும் அதைத் தமக்கு மட்டும் வைத்துக்கொள்ளப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் நாள் தவறாமல் கோயிலுக்குப் போனவர்கள் என்பதையும் பார்த்தோம்.

நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் இடத்தில் யாராவது அவர்களைத் தாழ்த்திப் பேசினால், பதில் சொல்ல இந்த வரலாறு உதவும். அதே நேரத்தில் இன்னொரு பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். நம் பாட்டன்மார் வாழ்ந்த லயங்களில் இன்று பல தோட்டங்களில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். கடன் வாங்கிக் கப்பலேறி வந்த நம் முன்னோரைப்போல், அவர்களில் பலரும் கடன்பட்டுத்தான் வருகிறார்கள். செம்பனைக் குலை வெட்டும் அந்தப் பையனுக்கு ஓர் ஊர் உண்டு, தாய் உண்டு, தாய் வைத்த பெயர் உண்டு. நாம் அவனை அந்தப் பெயரால் அழைக்கிறோமா? அல்லது அவன் நாட்டின் பெயரைச் சொல்லி, "டேய்" என்று கூப்பிடுகிறோமா?

லாஸ் காசாஸ் தவறிய இடத்தில் நாம் தவறாமல் இருப்போம். நாளைக் காலையில் அவனைப் பார்க்கும்போது பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.